காதில் குச்சி வைத்திருந்த பெண்: ஒரு குறிப்பு சிறுகதையாகி, குறுநாவலாகும் வழி

சித்திரை பிறந்த சில நாட்களில், வடசென்னையில், காசிமேட்டில் நான் வளர்ந்த தெருவில், ஒரு பெண்ணின் காதிலிருந்து கம்மல் காணாமல் போய்விடும். அது இருந்த துளையில் துடைப்பக்குச்சியின் சிறு துண்டு ஒன்று செருகப்பட்டிருக்கும். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்காகக் கம்மல் அடகுக்கடைக்குப் போகிறது என்பதும், அது திரும்பி வரும்வரை துளை தூர்ந்துவிடாமல் காப்பதற்குத்தான் அந்தக் குச்சி என்பதும் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. என் 19ஆம் வயதில் ஒரு நோட்டில் இதை இரண்டு வரியாகக் குறித்து வைத்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து அது 1,900 சொற்கள் கொண்ட சிறுகதையானது. மேலும் இரண்டு ஆண்டுகளில் 18,000 சொற்கள் கொண்ட குறுநாவலானது. இடையில் நான் செய்த பிழைகள் பல. எழுதத் தொடங்கியிருக்கும் இளையவர்கள், அதிலும் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கங்களிலிருந்து எழுத வருகிறவர்கள், அவற்றில் பாதியையாவது தவிர்க்க முடியும் என்பதால், அந்த வேலையை நடந்த வரிசையிலேயே விளக்குகிறேன்.

எதைக் குறித்து வைப்பது

நோட்டில் கதைச் சுருக்கம் எழுத வேண்டாம் என்பதே நான் முதலில் சொல்வது. தொடக்கத்தில் என் நோட்டு முழுவதும் கதைச் சுருக்கங்களே இருந்தன: ஓர் ஏழைக் குடும்பம், கட்ட முடியாத கல்லூரிக் கட்டணம், கடைசியில் ஓர் இறப்பு. அவற்றில் ஒன்றைக்கூட என்னால் எழுதி முடிக்க இயலவில்லை; முடிவு உட்பட எல்லாம் முன்பே தெரிந்துவிட்டதால், எழுதிக் கண்டுபிடிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. கண்ணால் கண்ட ஒரு செயலை மட்டும் எழுதுங்கள். அதன் கீழே, அந்தச் செயலைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேள்வியாக எழுதுங்கள். என் நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: "கம்மல் போன காதில் குச்சி. ஓர் ஆண்டு அவள் குச்சி வைக்காமல் விட்டால்?" செயல் தெருவுக்குச் சொந்தமானது, அதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். கேள்வி எழுதுகிறவருக்குச் சொந்தமானது. சொந்தக் கற்பனை என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

வடசென்னையிலிருந்து எழுதுகிறவருக்கு இங்கே கூடுதலாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எங்கள் பகுதி என்றதும் கத்தியும் கும்பலும் குத்துச்சண்டையும் எழுதுகிறவர் மனத்தில் முதலில் வந்து நிற்கின்றன, ஏனென்றால் திரையில் நாம் மீண்டும் மீண்டும் பார்த்தவை அவைதான். நானும் என் முதல் மூன்று கதைகளில், நேரில் ஒருமுறைகூடப் பேசியிராத மனிதர்களை, பிறர் படமாக்கிய விதத்தைப் பார்த்து எழுதினேன். அந்தக் கதைகளை இப்போது படிக்கும்போது, அவற்றில் எந்தத் தெருவின் காற்றும் இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1955இல் தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டபோது நடுவயதில் வேலை இழந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மணலியில் ஷிப்டு முறையில் வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது வலையும் படகும் கறுத்துப்போய்க் கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரின் நாளிலும் குச்சியைப் போன்ற ஒரு செயல் உண்டு. அதைத் தேடுங்கள்.

பார்த்ததை எழுதுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. என் 21ஆம் வயதில், அண்டை வீட்டுக் கணவன் மனைவியின் சண்டை ஒன்றை, அவர்கள் பேசிய சொற்களோடு அப்படியே கதையாக எழுதிவிட்டேன். அது ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. யாரோ அதை அந்த அக்காவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். எட்டு மாதங்கள் அவர் என் அம்மாவோடு பேசவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. அதன்பிறகு எனக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டேன்: செயலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் செய்தவரின் வயது, தொழில், உறவுகள் ஆகிய மூன்றையும் மாற்றிவிடுவேன், நம்பிக்கையோடு தனியாகச் சொல்லப்பட்டதைத் தொடமாட்டேன். இப்படி மாற்றும்போதுதான் கற்பனை வேலை செய்யத் தொடங்குகிறது என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். நான் பார்த்த பெண்ணுக்கு மகள் இல்லை. கதையில் வரும் பெண்ணுக்கு நர்சிங் படிக்கும் மகள் ஒருத்தி வந்து சேர்ந்ததும், கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

சிறுகதை: ஒரு முடிவும் ஒரு கெடுவும்

எழுத உட்காருவதற்கு முன், கதையில் ஒருவர் எடுக்கும் முடிவு என்ன, அதன் விளைவு எந்த நேரத்திற்குள் தெரிந்தாக வேண்டும் என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். என்னுடைய வாக்கியம் இது: "காதில் குச்சியோடு நிற்பது அவமானம் என்று மகள் சொன்னதால் குச்சியை எடுத்துவிட்ட தாய், மகளைப் பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், மீட்டு வந்த கம்மலைப் போட முயலும்போது துளை தூர்ந்திருப்பதைக் காண்கிறாள்." முடிவு குச்சியை எடுத்தது, கெடு பத்து மணிக்கு வரப்போகும் விருந்தினர்கள். கெடு இல்லாத கதையில் பாத்திரங்கள் நினைத்துக்கொண்டே இருப்பார்கள், எதுவும் செய்ய மாட்டார்கள்.

முதல் வரைவை நான் தவறான இடத்தில் தொடங்கினேன். ஏப்ரலில் கம்மலை அடகு வைக்கப் போவதிலிருந்து ஆரம்பித்ததால், ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் 700 சொற்கள் செலவாகிவிட்டன. படிப்பவருக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே தெரியவில்லை. கதை முடியும் இடத்திலிருந்து சில மணி நேரம் மட்டும் பின்னால் வந்து தொடங்குவதே சிறுகதைக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. இரண்டாவது வரைவு கண்ணாடி முன் கம்மலோடு நிற்கும் தாயிடம் தொடங்கியது. ஏப்ரலில் நடந்தவை எல்லாம் இரண்டு வாக்கியங்களில் அடங்கின. முடிவிலும் ஒரு பிழை இருந்தது. மகள் அழுது மன்னிப்புக் கேட்பதாகவும், வறுமை பற்றித் தாய் நினைத்துப் பார்ப்பதாகவும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை நீக்கிவிட்டு, நர்சிங் படிக்கும் மகள் ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து வந்து தாயின் காதைப் பிடிப்பதோடு நிறுத்தினேன். அவமானப்பட்டவளின் கையே அந்தத் துளையைத் திறக்கிறது என்பதைச் செயல் சொல்லிவிடும்போது, எழுத்தாளர் அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

நீளத்தைப் பற்றி ஒன்று. ஆங்கிலக் கதைகளுக்குச் சொல்லப்படும் சொல் எண்ணிக்கையை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். "அடகுக்கடையிலிருந்துதான்" என்பது நமக்கு ஒரே சொல். 1,500 முதல் 2,500 சொற்களுக்குள் ஒரு முழுச் சிறுகதை தமிழில் தாராளமாக நின்றுவிடுகிறது. முதல் வரைவை ஓரிரு அமர்வுகளிலேயே முடித்துவிடுங்கள். தெரியாத தகவல் குறுக்கிட்டால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். ஒற்றை அறை வீட்டில் எனக்குக் கிடைத்த நேரம் காலை நான்கு முதல் ஆறு வரை மட்டுமே. அந்த இரண்டு மணி நேரத்தில் தகவல் தேடப் போனால் எழுத்து அன்றோடு நின்றுவிடும்.

பேச்சை எழுதுவது

வடசென்னைக் கதையில் மிகவும் கடினமானதும், எனக்கு மிகவும் பிடித்ததும் இந்த வேலைதான். எங்கள் பேச்சு பல காலமாக நகைச்சுவைக்காகவே பயன்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே பக்கத்தில் "இன்னா" என்று ஒரு சொல் விழுந்த உடனே சிரிக்கத் தயாராகிவிடும் வாசகர்கள் உண்டு. அவர்களைச் சிரிக்கவிடாமல், அதே பேச்சில் துக்கத்தையும் மரியாதையையும் கேட்க வைப்பது எழுதுகிறவரின் பொறுப்பு. முதலில் அந்தப் பேச்சை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கஸ்மாலம் சமஸ்கிருதத்திலிருந்தும், பேஜார் பாரசீகத்திலிருந்தும், நாஷ்டா உருதுவிலிருந்தும், துட்டு டச்சுக்காரர்களின் நாணயப் பெயரிலிருந்தும் வந்தவை. ஒரு துறைமுக நகரத்துக்கு யார் யாரெல்லாம் வந்து போனார்கள் என்ற வரலாற்றை எங்கள் பாட்டிகள் நாக்கில் வைத்திருக்கிறார்கள்.

நடைமுறையில், ஒலியை முழுவதுமாக எழுத்தில் கொண்டுவர முயலாதீர்கள். என் முதல் வரைவில் மகள் பேசுவது இப்படி இருந்தது: "இன்னாமே இத்தப் போயி காதுல சொருவிக்கினு கீற, பாக்கச்சொல்லவே மெர்சலா கீது." இதில் ஒவ்வொரு சொல்லும் தெருவில் கேட்கக்கூடியதே, ஆனால் ஒரே வரியில் எல்லாம் சேர்ந்துவிட்டதால் மகளின் கோபம் மறைந்து, உச்சரிப்பு மட்டும் முன்னால் வந்து நின்றது. அதைத் திருத்தி, "இன்னாமா அது காதுல? எடுத்துடு. என்கூட படிக்கிறவங்க வர்ச்சொல்ல இத்த வெச்சினு நிக்காத" என்று எழுதினேன். ஒரு பாத்திரத்துக்கு நான்கு அல்லது ஐந்து அடையாளங்களைத் தேர்ந்தெடுத்து, கதை முழுவதும் அவற்றையே மாறாமல் பயன்படுத்தினால் போதும். "போய்க்கினு", "வந்துகினு" என்ற "கினு" முடிவு, "இருக்கிறது" என்பதற்குக் "கீது", "வரும்போது" என்பதற்கு "வர்ச்சொல்ல", "அதனால்" என்பதற்கு "அத்தொட்டு", இவற்றோடு வழக்கமான எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டால், படிப்பவரின் காது மீதியை நிரப்பிக்கொள்ளும்.

ஒரே வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவதில்லை என்பது இதைவிட முக்கியமானது. தாய் "கீது" என்பாள். கல்லூரிக்குப் போகத் தொடங்கியபின் மகள் "இருக்கு" என்பாள். இந்த ஒரு சொல் வேறுபாட்டை நான் கதையின் முதுகெலும்பாகவே பயன்படுத்தினேன்: குச்சியை எடுக்கச் சொல்லும் காட்சியின் கடைசி வரைவில், மேலே காட்டிய வரிக்குப் பதிலாக, மகள் "எனக்கு அவமானமா இருக்கு" என்கிறாள், ஊசியோடு வரும் கடைசிக் காட்சியில், தாய் வலிக்குப் பயந்து விலகும்போது, "கம்முனு குந்துமா, ஒண்ணியும் ஆவாது" என்கிறாள். கல்லூரியில் அவள் மறைக்கப் பழகிய பேச்சு, தாயின் காதைத் தொட்டதும் திரும்பிவிடுகிறது. இதைக் கதையில் எங்கும் நான் விளக்கவில்லை. கவனித்த வாசகர்கள் கவனித்தார்கள். கவனிக்காதவர்களுக்கும் காட்சி குறைவுபடவில்லை.

கதை சொல்லும் குரலை நான் எழுத்துத் தமிழிலேயே வைத்துக்கொள்கிறேன். வட்டாரப் பேச்சிலேயே முழுக் கதையையும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் மிக நன்றாகவும் எழுதுகிறார்கள். என்றாலும் தொடக்க நிலையில் அது சுமையாகிவிடும் என்பது என் கருத்து. எழுத்துத் தமிழுக்குள் தொழிலின் சொற்கள் வந்தாலே போதுமானது. கடலோடி ஒருவர் "மீன் பிடிக்கப் போகிறேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "தொழிலுக்குப் போறேன்" என்பார். ஆகவே கதைசொல்லியும் "அவன் தொழிலுக்குப் போயிருந்தான்" என்று எழுதினால், குரல் பாத்திரத்துக்கு அருகில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாட்காட்டியைச் சரிபார்ப்பது

கற்பனைக் கதைக்கும் உண்மையான நாட்காட்டி தேவை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். ஆனால் 2017க்கு முன்பு அது 45 நாட்களாக, மே மாத இறுதியிலேயே முடிந்துகொண்டிருந்தது. கதையை 2010இல் வைத்துவிட்டு ஜூன் மாதத்தில் படகுகளைக் கரையில் நிறுத்தினால், காசிமேட்டில் ஒரு சிறுவன்கூட அதை நம்பமாட்டான். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரி 14இல். அதற்கு முன் நடக்கும் கதையில் மகள் கல்லூரிக்குப் பேருந்திலோ மின்சார ரயிலிலோதான் போக வேண்டும். பழைய ஆண்டுகளில் கதை நடக்குமானால், எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகத்தில் அந்த மாதத்து இதழ்களைக் கேட்டுப் பாருங்கள்; நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.

மனிதர்களிடம் கேட்கும்போது உணர்ச்சிகளைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். "உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது" என்று கேட்டால், எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் பதிலே கிடைக்கும். "நேற்று ஏலத்துக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ஐஸ் வாங்கக் காசு யார் கொடுத்தார்கள்" என்று கேட்டால், அவர் கையை அசைத்து விளக்கத் தொடங்குவார், அந்த அசைவில் கதை இருக்கும். அடகுக்கடையில் சீட்டை எப்படி எழுதுகிறார்கள் என்று மட்டுமே நான் கேட்டேன். நகையின் எடை, கொடுத்த தொகை, தேதி ஆகியவற்றோடு, மீட்கும்போது அந்தச் சீட்டைக் கொண்டுவர வேண்டும் என்று கடைக்காரர் சொன்ன ஒரு வாக்கியம், பின்னால் குறுநாவலில் இரண்டு அத்தியாயங்களை எனக்குக் கொடுத்தது.

சிறுகதை எப்போது குறுநாவலாக விரும்புகிறது

சிறுகதை வெளிவந்தபின் அதைப் படித்த நான்கு பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கணவன் ஏன் ஒரு வரிகூடப் பேசவில்லை? கதையில் அவன் தடைக்காலத்தில் வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் ஒரு காரணமாக மட்டுமே இருந்தான். யோசித்துப் பார்த்தபோது, அந்த 61 நாட்களிலும் அவன் ஏதேனும் செய்துகொண்டிருந்திருப்பான் என்பதும், அது மனைவிக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்பதும் எனக்குத் தோன்றின. ஒரு கதையில் இரண்டாவது மனிதர் ஒருவர் தனக்கென்று ஒரு முடிவை எடுக்கத் தொடங்கினால், அந்த இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று சந்திக்கச் சில வாரங்களாவது தேவைப்பட்டால், அது குறுநாவலுக்கு உரிய பொருள் என்பது என் அளவுகோல். மூன்றாவது மனிதரும் அப்படி எழுந்து நின்றால் அது நாவலை நோக்கிப் போகும். மகளுக்கும் தனி அத்தியாயங்கள் எழுத எனக்கு ஆசை இருந்தது. கல்லூரி விடுதியில் நடக்கும் இரண்டு அத்தியாயங்களை எழுதியும் பார்த்து, கதை வீட்டைவிட்டு வெளியேறிவிடுவதைக் கண்டு அவற்றை எடுத்து வைத்துவிட்டேன்.

சிறுகதையை நீட்டிக் குறுநாவலாக்க முடியாது. நான் முதலில் அதைத்தான் செய்தேன்: காட்சிகளுக்கு நடுவே வர்ணனைகளைச் சேர்த்து 9,000 சொற்கள் வரை கொண்டுபோனேன், அது நீர் ஊற்றிய குழம்பாக இருந்தது. பிறகு ஒரு பெரிய தாளில் 61 கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு நாளிலும் அந்த வீட்டை வெளியிலிருந்து அழுத்துவது என்ன என்று எழுதினேன். ஏப்ரல் 14 இரவுக்குள் படகுகள் எல்லாம் கரை திரும்பிவிடுகின்றன. சில நாட்களில் கம்மல் அடகுக்குப் போகிறது. உரிமையாளர்கள் படகைப் பழுது பார்த்து வண்ணம் பூசுகிறார்கள், சிலருக்கு மட்டும் வலை சரிசெய்யும் வேலை கிடைக்கிறது. மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்குகிறது. அரசு நிவாரணத் தொகை எப்போது வரும் என்று விசாரிக்கிறார்கள். கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி வருகிறது. ஜூன் 14 நள்ளிரவில் படகுகள் மறுபடி கிளம்புகின்றன. இந்தக் கட்டங்களில் ஒன்பது நாட்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றையே ஒன்பது அத்தியாயங்களாக்கினேன். கால அளவை நான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கடலும் அரசாணையும் முன்பே வகுத்துக் கொடுத்திருந்தன. பொங்கலுக்கு முந்தைய வசூல் நாட்கள், பள்ளித் தேர்வு மாதம், ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி முப்பது ஷிப்டுகள் என்று ஒவ்வொரு தொழிலிலும் ஒவ்வொரு வீட்டிலும் இப்படிப்பட்ட எல்லைகள் இருக்கின்றன. உங்கள் கதையின் எல்லையை முதலில் கண்டுபிடியுங்கள்.

தடை விசைப்படகுகளுக்குத்தான், சிறிய ஃபைபர் படகுகள் போகலாம். இந்த ஒரு விதியிலிருந்து கணவனின் கதை பிறந்தது. இருபது ஆண்டுகளாக விசைப்படகில் தொழில் பார்த்தவன், மனைவியின் தம்பியுடைய ஃபைபர் படகில், குறைந்த பங்குக்கு, யாருக்கும் தெரியாமல் விடியற்காலையில் ஏறுகிறான். சேர்த்த காசில் கம்மலைத் தானே மீட்டு மனைவிக்குக் கொடுக்க நினைக்கிறான். அதே கம்மலை மீட்க மனைவி வேறொரு பக்கம் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறாள். சீட்டு ஒன்றுதான்.

நடுப்பகுதி தொய்ந்துபோவதுதான் குறுநாவலில் எல்லோரும் சந்திக்கும் இடர். அதற்கு நான் கண்ட வழியை எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் என் வேலையிலிருந்தே அது வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் குடும்பத்துக்கு வரவு செலவுக் கணக்கு ஒன்று எழுதினேன்: ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் கையில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு தெரியும். ஆறாவது அத்தியாயம் முடிந்தபோது, அவர்களிடம் இல்லாத 3,400 ரூபாயை அவர்கள் செலவு செய்திருந்தார்கள். இரண்டு நாட்கள் கலங்கினேன். பிறகு, அந்தப் பணம் எங்கிருந்தோ வந்திருக்கத்தான் வேண்டும் என்று தோன்றியது. ஐஸ் விற்பவரிடம் மனைவி கடன் கேட்கப்போகும் ஏழாவது அத்தியாயம் அப்படித்தான் எழுதப்பட்டது, இன்றுவரை அதுதான் அந்த நூலில் எனக்கு நிறைவு தரும் பகுதி. பணத்துக்குப் பதிலாக உங்கள் கதையில் மருந்து, தூக்கம், நம்பிக்கை என்று எது குறைந்துகொண்டு போகிறதோ அதற்குக் கணக்கு வையுங்கள். எந்த அத்தியாயத்தில் எந்த இருப்பும் மாறவில்லையோ அந்த அத்தியாயம் தேவையில்லை. அத்தியாயங்கள் சமமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை; என்னுடைய நான்காவது அத்தியாயம் 600 சொற்கள், ஏழாவது 3,500.

சிறுகதையின் முடிவை என்ன செய்வது என்ற கேள்வி கடைசியாக வந்தது. ஊசிக் காட்சியை ஒன்பதாவது அத்தியாயத்துக்கு வைத்திருந்தேன், எல்லாம் அதை நோக்கி இழுபட்டுச் செயற்கையாகிவிட்டது. அதை ஐந்தாவது அத்தியாயத்துக்கு நகர்த்தியபோது கதை மூச்சுவிட்டது: துளை திறந்தாயிற்று, விருந்தினர்கள் வந்து போயாயிற்று, இனி இந்த மூவரும் அதே அறையில் மீதி நாட்களைக் கழிக்க வேண்டும். சிறுகதை எந்த இடத்தில் வாய்மூடுகிறதோ, அதற்கு அடுத்த நாள் காலையில் என்ன நடக்கிறது என்று குறுநாவல் சொல்லியாக வேண்டும்.

திருத்துவதும் அனுப்புவதும்

முடித்ததும் குறைந்தது இருபது நாட்களாவது அதைப் பார்க்காதீர்கள். பிறகு உரக்கப் படித்து, கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். நாக்கு தடுக்கும் இடங்களில் வாக்கியத்தை மாற்றுங்கள். "திடீரென்று", "ஏதோ", "ஒருவித" ஆகிய சொற்களைத் தேடிப் பார்த்தால், நீங்கள் தெளிவாகக் காணாத இடங்கள் அனைத்தும் அகப்படும். ஒற்றுப் பிழைகளை நீங்களே திருத்துங்கள், அதைப் பிழைதிருத்துநரின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாசகர்களிடம் கொடுங்கள்: ஒருவர் அந்தத் தொழிலை அறிந்தவர், மற்றவர் அந்தப் பகுதிக்கே வராதவர். முதலாமவர் பிழைகளைச் சொல்வார், இரண்டாமவர் புரியாத இடங்களைச் சொல்வார்.

படைப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து, ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். அச்சகத்தில் எழுத்துரு மாற்றும்போது ஒகர, ஓகார எழுத்துகள் சிதைவதுண்டு, ஆகவே அச்சுக்கு முன் திருத்துவதற்காக எடுக்கும் பிரதியான மெய்ப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த உடனே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்கள் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். பதிப்பகத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால், உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்று சட்டம் கொள்ளும். இருந்தாலும் காலத்தைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். குறுநாவல் பெரும்பாலான இதழ்களுக்கு நீளம், தனி நூலுக்குக் குறைவு. நான் அதோடு மூன்று சிறுகதைகளைச் சேர்த்து ஒரே நூலாகக் கொடுத்தேன்.

மெய்ப்பு வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகளுக்கு முன் காதில் குச்சியோடு நான் பார்த்த பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது விம்கோ நகர்ப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். கதையில் வருகிறவள் அவர் இல்லை என்றும், குச்சி மட்டும் அவருடையது என்றும் சொல்லிவிட்டு, முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். நடுவில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தொடப்பக்குச்சி இல்லமா, வேப்பங்குச்சி. தொடப்பக்குச்சி வெச்சா காது புண்ணாப் பூடும்" என்றார். அன்று இரவு மெய்ப்பில் 11 இடங்களில் அந்தச் சொல்லை மாற்றினேன்.